எல்லாரும் ‘டிப்ளாய்’ என்றால் கமிட் போட்டது யார்?

வாசகர் கேள்வி, 4 மார்ச்

எங்கள் ஸ்டேஜிங் சர்வரில் (வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கும் இடம்) டீம் மொத்தத்துக்கும் ‘டிப்ளாய்’ என்று ஒரே லினக்ஸ் அக்கவுண்ட்தான். அவரவர் எஸ்.எஸ்.எச். கீயை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் டிஜிட்டல் சாவி) வைத்து அதில் நுழைகிறோம், அங்கேயே ஃபைலைத் திருத்துகிறோம், அங்கேயே கிட்டில் கமிட் போடுகிறோம், அதாவது மாற்றத்தைப் பெயரோடு பதிவு செய்கிறோம். லாகைப் பார்த்தால் எல்லா கமிட்டும் ‘டிப்ளாய்’ பெயரில். யார் எதை மாற்றினார்கள் என்றே தெரிவதில்லை. தனித்தனி அக்கவுண்ட் கேளுங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டாம், கேட்டுப் பார்த்தாயிற்று. வேறு வழி இருக்கிறதா?

4 மார்ச், இரவு

இருக்கிறது. எந்த லினக்ஸ் அக்கவுண்டில் இருக்கிறீர்கள் என்பதில் கிட்டுக்குப் பெரிய அக்கறை கிடையாது. கமிட் போடும் நேரத்தில் ‘கிட்_ஆத்தர்_நேம்’, ‘கிட்_ஆத்தர்_ஈமெயில்’ என்ற என்விரான்மென்ட் வேரியபிள்கள் (அந்த செஷனில் ஓடும் நிரல்கள் படித்துக்கொள்ளும் மதிப்புகள்) இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லாவிட்டால் கான்ஃபிக்கில் இருக்கும் ‘யூசர்.நேம்’, ‘யூசர்.ஈமெயில்’. அதுவும் இல்லாவிட்டால்தான் சிஸ்டத்தில் அந்த அக்கவுண்டுக்கு எழுதி வைத்திருக்கும் முழுப்பெயரை எடுத்துக்கொண்டு, அக்கவுண்ட் பெயரையும் மெஷின் பெயரையும் ஒட்டி ஒரு ஈமெயிலைத் தானே தயாரித்துக்கொள்ளும். உங்கள் ‘டிப்ளாய்’ எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். யாராவது புண்ணியவான் என்றைக்கோ குளோபல் கான்ஃபிக்கில் எழுதி வைத்திருப்பார்.

ஆக, உள்ளே வரும் ஆளுக்கு ஏற்ப அந்த வேரியபிள்கள் தானாக நிரம்ப வேண்டும். ஆள் யார் என்பது சர்வருக்குத் தெரியும், ஏனென்றால் கீ ஒவ்வொருவருக்கும் வேறு. எல்லாரும் ஒரே கீயைப் பகிர்ந்துகொண்டிருந்தால் இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்படிப்பட்ட இடங்களையும் பார்த்திருக்கிறேன். பிரைவேட் கீ வாட்ஸ்அப் குரூப்பில் பின் செய்யப்பட்டிருந்தது.

5 மார்ச், காலை

விவரமாக எழுதுகிறேன். உள்ளே விட வேண்டிய கீகளைப் பட்டியலிடும் ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ ஃபைலில் ஒரு கீக்கு ஒரு வரி அல்லவா, அந்த வரியின் தொடக்கத்தில், கீக்கு முன்னால், ஆப்ஷன்கள் எழுத இடம் உண்டு. அதில் ‘என்விரான்மென்ட்’ என்று ஒரு ஆப்ஷன். சமக்குறி போட்டு, மேற்கோளுக்குள் வேரியபிளின் பெயரையும் மதிப்பையும் கொடுத்தால், அந்தக் கீயோடு நுழைபவரின் செஷனில் அந்த வேரியபிள் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே வரியில் பல முறை எழுதலாம். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஒரு பெயர், ஒரு ஈமெயில். நுழைபவர் எதையும் டைப் செய்ய வேண்டியதில்லை. மறக்கவும் வழியில்லை.

ஆனால் இது சும்மா வேலை செய்யாது. சர்வரின் எஸ்.எஸ்.எச்.டி. (நுழைபவர்களை உள்ளே விடும் நிரல்) கான்ஃபிக்கில் ‘பெர்மிட்யூசர்என்விரான்மென்ட்’ என்பதைத் திறந்துவிட வேண்டும். அது இயல்பாக ‘நோ’. காரணம் உண்டு: ‘எல்டி_பிரீலோட்’ (ஓடும் நிரலுக்குள் நாம் சொல்லும் கோடை முதலில் ஏற்றுவது) போன்ற வேரியபிளை இந்த வழியில் நுழைத்தால், வேறு எங்கோ போட்டு வைத்த கட்டுப்பாட்டைச் சிலர் தாண்டிவிடலாம். அதனால் அட்மினிடம் ‘யெஸ் போடுங்கள்’ என்று கேட்டால் அவர் முறைப்பார். முறைக்க வேண்டும்தான். ஓப்பன்எஸ்.எஸ்.எச். 7.8 பதிப்பிலிருந்து (2018) ‘யெஸ்’ என்பதற்குப் பதிலாக ‘கிட்_*’ என்று ஒரு பேட்டர்ன் கொடுக்கலாம். அந்தப் பெயரில் தொடங்கும் வேரியபிள் மட்டும் உள்ளே வரும். அப்படிக் கேளுங்கள், கிடைத்துவிடும்.

5 மார்ச், மதியம்

பெயரை மட்டும் வைத்துவிட்டு ஈமெயிலை விட்டுவிடாதீர்கள். பெயர் வேரியபிளிலிருந்தும் ஈமெயில் கான்ஃபிக்கிலிருந்தும் வந்து, ஆள் ஒருவர், முகவரி ‘டிப்ளாய்’ என்று ஒரு கலப்பு உருவாகும். கிட்ஹப், கிட்லேப் எல்லாம் ஈமெயிலை வைத்துத்தான் கமிட்டை ஆளோடு சேர்க்கின்றன.

6 மார்ச்

“எங்களுக்கு ரூட் (முழு அட்மின் உரிமை) கிடையாது, எஸ்.எஸ்.எச்.டி. கான்ஃபிக்கைத் தொடவே முடியாது” என்று இன்னொருவர். சரி, இரண்டு வழி உண்டு. இரண்டுமே கொஞ்சம் குறுக்குவழிதான்.

முதலாவது, அதே ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ வரியில் ‘கமாண்ட்’ என்ற ஆப்ஷன். இதற்கு ரூட் அனுமதி தேவையில்லை. அந்தக் கீயோடு யார் வந்தாலும் நீங்கள் எழுதி வைத்த கட்டளைதான் ஓடும். வேரியபிளை வைத்துவிட்டு ஷெல்லை (கட்டளை டைப் செய்யும் இடம்) திறந்துவிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை அங்கே கொடுத்தால் போதும். ஆளின் பெயர் அந்த ஸ்கிரிப்டுக்கு ஆர்க்யுமென்ட். கிட் சர்வரில் யாருக்கு என்ன அனுமதி என்று நிர்வகிக்கும் கிட்டோலைட் என்ற பழைய சாஃப்ட்வேரின் அடிப்படையே இதுதான். எல்லாரும் ‘கிட்’ என்ற ஒரே அக்கவுண்டுக்குத்தான் வருவார்கள், கீயைப் பார்த்து ‘கமாண்ட்’ ஆப்ஷன் வழியாக ஆளைப் பிரித்துக்கொள்ளும். கிட்ஹப்பிலும் உலகம் முழுக்க ‘கிட்’ என்ற பெயரில்தான் உள்ளே போகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். பொது அக்கவுண்ட் என்றாலே அசிங்கம் என்று பேசுபவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.

இதில் ஒரு குழி இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் வெறுமனே ஷெல்லை மட்டும் திறந்தால், ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கும் எஸ்.சி.பி.யும் செத்துவிடும். அவை கேட்ட கட்டளைக்குப் பதில் உங்கள் ஷெல் வந்து நிற்கும். கேட்ட கட்டளை ‘எஸ்எஸ்எச்_ஒரிஜினல்_கமாண்ட்’ என்ற வேரியபிளில் இருக்கும். அது காலியாக இல்லாவிட்டால் அதை ஓட்டு, காலியாக இருந்தால் லாகின் ஷெல் என்று எழுதுங்கள். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இதை விட்டுவிட்டதால் இரவு பேக்அப் நின்றுபோய், வாரக் கடைசியில்தான் யாரோ கவனித்தார்கள். பேக்அப்பும் அதே அக்கவுண்டில் ஆர்சிங்தான்.

இரண்டாவது வழி, உங்கள் லேப்டாப்பிலிருந்தே வேரியபிளை அனுப்புவது. கிளையன்ட் பக்கம் ‘சென்ட்என்வ்’, சர்வர் பக்கம் ‘அக்செப்ட்என்வ்’. சர்வர் ஒத்துக்கொண்டால்தான் வரும். டெபியனில் இயல்பாக ‘லாங்’, ‘எல்சி_’ என்று தொடங்கும் மொழி வேரியபிள்களுக்கு அனுமதி உண்டு. ஆகவே ‘எல்சி_நான்யார்’ என்று ஒன்றை உருவாக்கி அனுப்பி, அங்கே பேஷ் ப்ரொஃபைலில் அதைப் பிரித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மொழி அமைப்பு என்ற பெயரில் ஆளைக் கடத்துவது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஓடும்.

6 மார்ச், இரவு

‘எக்ஸ்போஸ்ஆத்இன்ஃபோ’ என்று ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லவில்லையே என்று ஒருவர் பிடித்துவிட்டார். ஆமாம், ஓப்பன்எஸ்.எஸ்.எச். 7.6-இல் (2017) வந்தது. நுழைந்தவர் எந்தக் கீயைக் காட்டினார் என்பதை சர்வரே ஒரு ஃபைலில் எழுதி, அதன் இடத்தை ‘எஸ்எஸ்எச்_யூசர்_ஆத்’ வேரியபிளில் சொல்லிவிடும். ப்ரொஃபைல் ஸ்கிரிப்டில் கீக்கும் பெயருக்கும் ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளலாம். கீகள் ஒரே இடத்தில் மையமாக நிர்வகிக்கப்பட்டு, ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ ஃபைலை நீங்கள் தொட முடியாத இடங்களில் இது நல்ல வழி. இதற்கும் எஸ்.எஸ்.எச்.டி. கான்ஃபிக் திறக்க வேண்டும், அதனால் மேலே கேட்டவருக்கு உதவாது.

8 மார்ச்

5-ஆம் தேதிக் குறிப்பில் ‘மறக்கவும் வழியில்லை’ என்று எழுதினேன். டிமக்ஸ் (கனெக்ஷன் போனாலும் சர்வரில் செஷனை உயிரோடு வைத்திருக்கும் கருவி) பயன்படுத்துகிறவர்களுக்கு அது பொருந்தாது. கேள்வி கேட்டவரே வந்து, “எல்லாம் செய்துவிட்டோம், ஆனால் நேற்று நான் போட்ட கமிட் சக ஊழியர் பெயரில் விழுந்திருக்கிறது” என்கிறார். டிமக்ஸா என்று கேட்டேன். டிமக்ஸ்தான்.

நடப்பது இது. டிமக்ஸ் சர்வரை முதலில் தொடங்கியவரின் என்விரான்மென்ட்தான் அதற்கு அடிப்படை. பொது அக்கவுண்டில் எல்லாருக்கும் ஒரே யூசர் எண் என்பதால் சாக்கெட்டும் (டிமக்ஸோடு இணையும் வாசல்) ஒன்றே. காலையில் ஒருவர் தொடங்கி வைத்த டிமக்ஸில் மதியம் நீங்கள் அட்டாச் செய்தால், அதற்குள் திறந்திருக்கும் ஷெல் காலை ஆளின் ஷெல். உங்கள் கீ உங்களை யாரென்று சொன்னாலும் அந்த ஷெல்லுக்கு அது தெரியாது.

‘அப்டேட்-என்விரான்மென்ட்’ பட்டியலில் கிட் வேரியபிள்களைச் சேர்க்கலாம். ஆனால் அட்டாச் செய்த பிறகு புதிதாகத் திறக்கும் விண்டோவுக்குத்தான் அது பலன் தரும். ஏற்கெனவே திறந்திருப்பது பழைய பெயரோடுதான் இருக்கும். ஆளுக்கு ஒரு சாக்கெட் பெயர் கொடுத்துத் தனித்தனி டிமக்ஸ் சர்வர் ஓட்டுவதே சுத்தம். ‘மைனஸ் பெரிய எல்’ ஆப்ஷன். அதையும் அந்த ஸ்கிரிப்டிலேயே ஏலியஸ் ஆக்கிவிடுங்கள், ஏனென்றால் யாரும் ஞாபகம் வைத்து டைப் செய்யப்போவதில்லை.

வேண்டுமென்றே இருவர் ஒரே டிமக்ஸில் உட்கார்ந்து சேர்ந்து எழுதுவதும் உண்டு. அதற்கு இந்த ஏற்பாடு எதுவும் வேண்டாம், கமிட் மெசேஜின் கடைசியில் ‘கோ-ஆத்தர்டு-பை’ வரி போதும். கிட்ஹப் அதை 2018 ஜனவரியிலிருந்து புரிந்துகொள்கிறது.

9 மார்ச்

எதிர்பார்த்த ஆட்சேபம் வந்துவிட்டது: “எவனோ ஒருவன் அந்த வேரியபிளை மாற்றி என் பெயரில் கமிட் போட்டால்?”

போடலாம். தடுக்க எதுவும் இல்லை. பொது அக்கவுண்ட் மட்டும் அல்ல, உங்கள் சொந்த லேப்டாப்பிலும் லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரில் இப்போதே ஒரு கமிட் போடலாம், கிட் ஒரு கேள்வி கேட்காது. கமிட்டில் இருக்கும் பெயர் கடிதத்தில் ‘அனுப்புநர்’ என்று எழுதுவது போல, எழுதுகிறவர் எழுதுவதுதான். எந்த ஊர் தபால் நிலையத்தில் போட்டார்கள் என்பது முத்திரையில் இருக்கும், அது வேறு. 2005-இல் லினக்ஸ் கர்னலுக்காக கிட் பிறந்தபோது பேட்ச்கள் (நிரலில் செய்யும் மாற்றங்கள்) மெயிலில்தான் வந்துகொண்டிருந்தன. எழுதியவர் ஒருவர், அதை எடுத்து மூல நிரலில் சேர்த்தவர் இன்னொருவர். அடுத்தவர் பெயரில் கமிட் போட முடியாவிட்டால் அந்த வேலையே நடக்காது. அதனால்தான் ஆத்தர், கமிட்டர் என்று இரண்டு பெயர் வைத்தார்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் பி.எச்.பி. 28 மார்ச் 2021 அன்று அவர்களுடைய சொந்த கிட் சர்வரில், பி.எச்.பி. மூல நிரலில், ஒரு பின்கதவு கமிட்டாக வந்தது. மெசேஜ், எழுத்துப்பிழை திருத்தம் என்று. ஆத்தர் ரேஸ்மஸ் லெர்டார்ஃப், மொழியை உருவாக்கியவரே. அதைத் திருப்பி எடுத்ததும், திருப்பியதைத் திருப்பி இன்னொரு கமிட், இந்த முறை நிகிதா போபோவ் பெயரில். இரண்டு பேருக்கும் அதில் சம்பந்தமில்லை. ரெவ்யூ செய்தவர்கள் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். அப்புறம் அந்த சர்வரையே கைவிட்டு கிட்ஹப்புக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு அதில் சுவாரசியமான பகுதி பிறகு போபோவ் எழுதிய விளக்கம்தான். எஸ்.எஸ்.எச். வழி புஷ் (கமிட்டை சர்வருக்கு அனுப்புவது) எல்லாம் கிட்டோலைட் வழியாக, கீயோடு. ஆனால் எச்.டி.டி.பி.எஸ். வழியாகப் பாஸ்வேர்டு போட்டும் புஷ் செய்ய ஒரு கதவு இருந்தது, அது கிட்டோலைட்டைத் தொடாமலே போனது. கெட்ட கமிட்கள் வந்தது அந்தக் கதவு வழியாக. முன்வாசலில் எவ்வளவு நன்றாகப் பெயர் எழுதி வாங்கினாலும் கொல்லைப்புறம் திறந்திருந்தால் கதை இதுதான். உங்கள் ஸ்டேஜிங் சர்வருக்கு கீ இல்லாமல் பாஸ்வேர்டில் நுழைய முடியுமா என்று பார்த்துவிட்டீர்களா?

9 மார்ச், இரவு

கிட்டுக்கு முன் பரவலாக இருந்த சப்வெர்ஷன் காலத்து ஆள் ஒருவர் “எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இருந்ததில்லை” என்று பெருமை பேசுகிறார். உண்மைதான். சப்வெர்ஷனில் ஆத்தர் பெயரை எழுதுவது சர்வர். பொது அக்கவுண்டில் எஸ்.எஸ்.எச். வழியாக வந்தாலும், அதே ‘கமாண்ட்’ ஆப்ஷனில் ‘எஸ்.வி.என்.சர்வ்’ கட்டளைக்கு ‘டனல்-யூசர்’ என்று ஆளின் பெயரைக் கொடுத்துவிட்டால் முடிந்தது, கமிட் செய்கிறவர் மாற்ற முடியாது. ஆனால் ரயிலில் உட்கார்ந்து கமிட் போட முடியாது ஐயா. ஒவ்வொரு கமிட்டுக்கும் சர்வர் வேண்டும். அதை மறந்துவிட்டீர்கள்.

11 மார்ச்

யோசித்துப் பார்த்ததில் நான் முதலில் சொன்ன ஏற்பாட்டில் ஒன்றை மட்டும் செய்யுங்கள் என்று தோன்றுகிறது. ஆத்தர் வேரியபிள்களை ஆளுக்கு ஏற்ப வையுங்கள். ‘கிட்_கமிட்டர்_நேம்’, ‘கிட்_கமிட்டர்_ஈமெயில்’ இரண்டையும் ஆளுக்கு ஏற்ப மாற்றாதீர்கள், அது ‘டிப்ளாய்’ ஆகவே இருக்கட்டும்.

பலர் நாலையும் மாற்றச் சொல்வார்கள், லாக் அழகாக இருக்கும் என்று. ஆனால் கமிட்டர் ‘டிப்ளாய்’ என்று இருந்தால் ஒரு தகவல் மிஞ்சுகிறது: இந்த கமிட் லேப்டாப்பில் பிறந்து வந்ததல்ல, ஸ்டேஜிங் சர்வரில் நேரடியாகக் கைவைத்தது. ஆறு மாதம் கழித்து ஒரு வரி ஏன் அப்படி இருக்கிறது என்று தேடும்போது எனக்கு அதுதான் முதலில் வேண்டியிருக்கிறது. சாதாரண லாகில் ஆத்தர் மட்டும் தெரியும், ஃபார்மேட்டை ‘ஃபுல்லர்’ என்று மாற்றினால் இருவரும் தெரிவார்கள். அந்த கமிட்டைப் பிறகு யாராவது தன் லேப்டாப்பில் ரீபேஸ் செய்தால் (வேறு இடத்தில் பொருத்தி மறுபடி எழுதினால்) கமிட்டர் அவராக மாறிவிடும், ஆத்தர் அப்படியே இருக்கும். அந்த இழப்பு எனக்குச் சம்மதம்.

கமிட்டருக்கு ‘டிப்ளாய்’ வேண்டுமானால் குளோபல் கான்ஃபிக்கில் அந்தப் பெயர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேரியபிள் இல்லாமல் வருகிறவர் ஆத்தராகவும் ‘டிப்ளாய்’ ஆகிவிடுவார். இதற்கு ‘ப்ரீ-கமிட்’ ஹூக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்), ஆத்தர் பெயர் ‘டிப்ளாய்’ என்றால் கமிட்டை நிறுத்து என்று ஒரு சோதனை வைத்துவிடுங்கள். அல்லது குளோபலில் பெயரே வைக்காமல், கமிட்டர் வேரியபிளையும் அந்த ஸ்கிரிப்டிலேயே ‘டிப்ளாய்’ என்று கொடுத்துவிட்டு, ‘யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள் (கிட் 2.8, 2016). பிறகு கிட் யூகிக்காது. நீங்கள் யார், சொல்லுங்கள் என்று கேட்டு நின்றுவிடும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஹூக்கை ‘நோ-வெரிஃபை’ போட்டுத் தாண்டிவிடுவார்கள்.

கிரானில் (குறித்த நேரத்தில் தானாக) ஓடும் கமிட்களை மறக்க வேண்டாம். அங்கே கீ இல்லை, ஆளும் இல்லை. அதற்கு ஒரு தனிப் பெயர், ‘ராத்திரி ரோபோ’ என்று வைத்தால்கூட நல்லது. மனிதர் யாரும் போடவில்லை என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

14 மார்ச்

“சைன் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததே” என்று ஒரு நீண்ட மடல். கிட் 2.34-இலிருந்து (2021 நவம்பர்) ஜி.பி.ஜி. என்ற தனிக் கருவி இல்லாமல் எஸ்.எஸ்.எச். கீயாலேயே கமிட்டை சைன் செய்யலாம், அதாவது டிஜிட்டல் கையெழுத்துப் போடலாம். லேப்டாப்பில் இருக்கும் பிரைவேட் கீ சர்வருக்கு வர வேண்டியதில்லை, ஏஜென்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்பில் இருக்கும் கீயை சர்வரிலிருந்து பயன்படுத்த விடுவது) போதும். எல்லாம் சரி.

ஆனால் எந்த அக்கவுண்டில் உட்கார்ந்து பேசுகிறோம் என்பதை மடல் மறந்துவிட்டது. ஃபார்வர்டு செய்த ஏஜென்டின் சாக்கெட் அந்த சர்வரில் ஒரு ஃபைல். அதைத் திறக்கும் உரிமை ‘டிப்ளாய்’ யூசருக்கு. அதாவது அந்த நேரத்தில் உள்ளே இருக்கும் எல்லாருக்கும். நீங்கள் கனெக்ட் ஆகியிருக்கும் வரை, பக்கத்து ஆள் தன் ‘எஸ்எஸ்எச்_ஆத்_சாக்’ வேரியபிளை உங்கள் சாக்கெட்டுக்குத் திருப்பினால், உங்கள் கீயால் சைன் செய்யலாம். சைன் மட்டுமா, உங்கள் கீ திறக்கும் மற்ற சர்வர்களுக்கும் போகலாம். போலி ஆத்தர் பெயரைத் தடுக்கப் போய் அதைவிடப் பெரிய பொருளை நடுவீட்டில் வைத்த மாதிரி ஆகிவிடும். ஃபார்வர்டு செய்தே தீர வேண்டும் என்றால் ‘எஸ்.எஸ்.எச்-ஆட்’ கட்டளையில் ‘மைனஸ் சி’ போட்டுக் கீயைச் சேருங்கள். ஒவ்வொரு முறையும் லேப்டாப்பில் அனுமதி கேட்கும்.

என் முடிவு: ஒரே அக்கவுண்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவரைக் காக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. மேலே சொன்ன எல்லாமே ‘இந்த வரியைப் பற்றி யாரிடம் கேட்பது’ என்பதற்கு. பெரும்பாலான டீம்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான். ‘இதை இவர்தான் செய்தார்’ என்று நிரூபிக்க வேண்டியிருந்தால், அதற்கான பதிவு அந்த அக்கவுண்டின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்: ரூட் வைத்திருக்கும் எஸ்.எஸ்.எச்.டி. லாக், அல்லது புஷ் போய்ச் சேரும் மறுமுனை. கெரிட் என்ற கோட் ரெவ்யூ சர்வர் இதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. அடுத்தவர் பெயரை ஆத்தராகப் போட ஓர் அனுமதி, கமிட்டராகப் போட வேறொரு அனுமதி, இரண்டுக்கும் பெயரே ‘ஃபோர்ஜ்’ என்று தொடங்கும்.

14 மார்ச், பிறகு

“எங்கள் டீமில் யார் போட்டது என்று மெசேஜைப் பார்த்தே சொல்லிவிடுவோம். ‘ஃபிக்ஸ்’ என்றால் ஒருவர், ‘ஃபிக்ஸ் ஃபைனல்’ என்றால் இன்னொருவர், காலியாக இருந்தால் மேனேஜர்.” இந்த இழையில் இதுவரை வந்ததில் செலவே இல்லாத தீர்வு.

20 மார்ச்

கேள்வி கேட்டவருக்குத் தனித்தனி அக்கவுண்ட் கிடைத்துவிட்டதாம். இந்த இழையை அட்மினுக்கு அனுப்பினாராம், ஏஜென்ட் பத்தியைப் படித்த பிறகு அவரே கொடுத்துவிட்டார். அதனால் இனி வேறு தொல்லைகள்.

ரெப்போ (கிட் வரலாறு இருக்கும் ஃபோல்டர்) இன்னும் ‘டிப்ளாய்’ யூசருக்குச் சொந்தமாக இருந்தால், உங்கள் சொந்த அக்கவுண்டிலிருந்து கிட் கட்டளை கொடுத்ததும், சொந்தக்காரர் வேறு, நம்ப மாட்டேன் என்று நிற்கும். 2022 ஏப்ரலில் 2.35.2 பதிப்பில் வந்த பாதுகாப்பு மாற்றம் அது. ‘சேஃப்.டைரக்டரி’யில் அந்தப் பாதையைச் சேர்க்க வேண்டும். அப்புறம் ஒரு குரூப், ஃபோல்டர்களுக்கு செட்ஜிட் (புது ஃபைலும் அதே குரூப்பில் சேர), ‘கோர்.ஷேர்டுரெப்பாசிட்டரி’க்கு ‘குரூப்’. இல்லாவிட்டால் ஒருவர் போட்ட ஆப்ஜெக்ட் ஃபோல்டரில் அடுத்தவர் எழுத முடியாமல் பெர்மிஷன் சண்டை.

சொந்த அக்கவுண்டில் நுழைந்து ‘சுடோ’ (வேறு யூசராகக் கட்டளை ஓட்டுவது) போட்டு ‘டிப்ளாய்’ ஆவது இன்னும் எளிது. ‘சுடோ_யூசர்’ வேரியபிளில் உண்மையான ஆள் பெயர் இருக்கும், அதிலிருந்து ஆத்தரை நிரப்பலாம். ‘/ஈடிசி’ ஃபோல்டரையே கிட்டில் வைக்கும் ஈடிசி-கீப்பர் இதைத்தான் செய்கிறது. ஆனால் ‘சுடோ சு மைனஸ்’ என்று பழக்கதோஷத்தில் அடிக்கிறவர்கள் இருந்தால் அந்த வேரியபிள் துடைக்கப்பட்டுவிடும். கர்னல் வைத்திருக்கும் லாகின் யூஐடி மட்டும் ‘சு’ போட்டாலும் மாறாது. ‘/ப்ராக்/செல்ஃப்/லாகின்யூஐடி’ என்ற இடத்தில் படிக்கலாம். இத்தனை நாள் அது உங்களுக்கு உதவியிருக்காது. நேராக ‘டிப்ளாய்’ ஆகவே நுழைந்ததால் அங்கேயும் ‘டிப்ளாய்’ எண்தான்.

2 ஏப்ரல்

கடைசிக் கேள்வி: பழைய கமிட்களை என்ன செய்வது?

‘மெயில்மேப்’ உதவாது. அது பல பெயர்களை ஓர் ஆளாகச் சேர்க்கும், ஒரே பெயரையும் ஈமெயிலையும் பல ஆளாகப் பிரிக்கத் தெரியாது. வரலாற்றைத் திருத்தி எழுதினால் எல்லா ஹேஷும் (கமிட்டின் அடையாள எண்) மாறி, டிக்கெட்டில் ஒட்டி வைத்த சுட்டிகள் செத்துவிடும். வேண்டாம்.

எஸ்.எஸ்.எச்.டி. லாகை எடுங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் எந்தக் கீ என்பதன் ஃபிங்கர்பிரின்ட் அதில் இருக்கும். ‘எஸ்.எஸ்.எச்-கீஜென்’ கட்டளைக்கு ‘எல்எஃப்’ போட்டு ‘ஆத்தரைஸ்டு_கீஸ்’ ஃபைலைக் கொடுத்தால் எந்த ஃபிங்கர்பிரின்ட் யாருடையது என்று பட்டியல் வரும். நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் பிராசஸ் எண்ணை வைத்துச் சேர்ந்துவிடும். அந்த இடைவெளிக்குள் கமிட்டர் நேரம் விழுந்து, அப்போது உள்ளே ஒருவர் மட்டுமே இருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். இருவர் இருந்தால் இருவர் பெயரையும் எழுதுங்கள், ஊகிக்க வேண்டாம். டிமக்ஸில் விட்டுவிட்டுப் போன செஷன்களும் இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டெபியனில் லாகை ஃபைலாக எழுதும் ஆர்சிஸ்லாக் இருந்தால், இயல்பாக வாரம் ஒருமுறை சுழற்றி நாலு பழைய லாக் மட்டும் வைத்திருக்கும், அதனால் இன்றைக்கே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதற்கு முந்தைய கமிட்களுக்கு பேக்அப்பில் லாக் இருந்தால் உண்டு.

கிடைத்த பெயர்களை ‘கிட் நோட்ஸ்’ ஆகச் சேருங்கள். கமிட் மாறாது, ஹேஷ் மாறாது, லாகில் மெசேஜுக்குக் கீழே குறிப்பாகத் தெரியும். நோட்ஸ் சாதாரண புஷ்ஷில் போகாது. ‘ரெஃப்ஸ்/நோட்ஸ்/கமிட்ஸ்’ என்று தனியாகச் சொல்லி புஷ் செய்ய வேண்டும், மற்றவர்களும் தங்கள் ஃபெட்ச் கான்ஃபிக்கில் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.